ஒரு முஷ்டியும் ஒரு விரலும்

என் ஆயுளில் நான் வாங்கிய முதல் பரிசு, எனக்கு அணுவளவும் புரியாத ஒரு காரியத்துக்காகக் கிடைத்தது. ஏழாம் வகுப்பில் ஒப்புவித்தல் போட்டி. நூறு குறளை மூச்சு விடாமல் சொன்னேன். தலைமை வகித்த பெரியவர் முதுகைத் தட்டி, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, "இதிலே உனக்கு ரொம்பப் பிடிச்ச குறள் எது தம்பி?" என்று கேட்டார். அதற்கு நான் தயாராக வரவில்லை. மறுபடியும் முதல் குறளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது. டம்ளரை மட்டும் யாரும் திருப்பி வாங்கவில்லை.

பத்தாம் வகுப்பில் பித்தாகோரஸ் தேற்றத்தையும் இப்படித்தான் கரைத்துக் குடித்தேன். வாத்தியார் முக்கோணத்தின் மூலைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்து நடத்தினார். பரீட்சையில் கேள்வி போட்டவர் என்ன நினைத்தாரோ, எக்ஸ், ஒய், இஸட் என்று போட்டுவிட்டார். நான் மனம் தளரவில்லை. அவருடைய முக்கோணத்தை அவரிடமே விட்டுவிட்டு, என்னுடைய ஏ, பி, சியை வரைந்து, ஆரம்பம் முதல் 'நிரூபிக்கப்பட்டது' வரை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். பத்துக்குப் பத்து! திருத்தியவரும் என்னைப் போலவே படித்து மேலே வந்தவராக இருக்க வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. நான் புரியாமல் ஒன்றை எழுதிவிட்டால் ஒரு வாசகர் கொட்டாவி விடுவார். மற்றொருவர் கார்டு போட்டுத் திட்டுவார். யாரும் செத்துப்போவதில்லை. ஆனால் என் தங்கையின் மகன் ஆகாய விமானம் ஓட்டப் போகிறான்.

தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் நாகூர். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் படித்துத் தேறியவன். சின்ன வயதில் தர்காவுக்குப் பக்கத்தில் புறாக்கள் கூட்டமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். விமானியாக வேண்டும் என்ற ஆசை அங்கே பிடித்ததோ என்னவோ, பிடித்தது விடவில்லை. திட்டச்சேரிப் பக்கம் இருந்த அரை வேலி நிலத்தை மைத்துனர் விற்றார். போதாததற்குப் பாங்கியில் கடனும் வாங்கினார். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத்துப் பரீட்சைகள் உண்டு: வான்வழி செலுத்துவது, வானிலை, விமானச் சட்டதிட்டங்கள், எந்திர நுட்பம் என்று. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வாங்கினால்தான் தேர்ச்சி. நம் காலத்து 35 எல்லாம் அங்கே செல்லாது.

வழி செலுத்தும் பரீட்சையில் பையன் இரண்டு தடவை தவறினான். 64, அப்புறம் 66. மூன்றாம் முறை எழுதுவதற்கு முன் டில்லியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, ஒரு பெரிய கட்டுக் காகிதத்தோடு ஊர் திரும்பினான். அதில் இருந்தவை, முன்பு பரீட்சை எழுதியவர்கள் ஞாபகத்தில் சுமந்துகொண்டு வந்து இறக்கிய கேள்விகளும் அவற்றின் விடைகளும். கணினியில் விடைகள் இடம் மாறி வந்தாலும் வரும். ஆகையால் 'பி', 'சி' என்று எழுத்தை உருப்போடாதே, விடையின் முதல் வார்த்தையை உருப்போடு என்பது அந்த வகுப்பின் உபதேசம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்!

சென்ற மாசியில் நான் நாகூர் போயிருந்தபோது தங்கை, "அண்ணா, நீ சும்மாத்தானே உக்காந்திருக்கே, அவனைக் கொஞ்சம் கேள்வி கேளேன்" என்றாள். எழுத்தாளன் எப்போது பார்த்தாலும் சும்மாத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது குடும்பத்தில் முடிந்த முடிவு. காகிதக் கட்டை வாங்கிக்கொண்டேன்.

பையன் அபாரம். நான் கேள்வியில் பாதி படிப்பதற்குள் விடை வந்து விழுந்தது. ஐம்பது கேள்வியில் இரண்டுதான் பிசகு. எனக்கு என் டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது; சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் கேள்வி கேட்கிறவனுக்கு உரிய விஷமம் தலைகாட்டியது.

விமானத்தில் ஆல்டிமீட்டர் என்று ஒரு கருவி. எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று காட்டுவது. அது தரையைப் பார்த்து அளப்பதில்லை, பாவம். வெளிக் காற்றின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் உயரத்தை ஊகிக்கிறது. மேலே போகப் போகக் காற்று இலேசாகும் அல்லவா, அந்தக் கணக்கு. அழுத்தம் அதிகமாக உள்ள ஊரிலிருந்து குறைவாக உள்ள ஊருக்குப் பறக்கும்போது கருவியைத் திருத்தி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கேள்வி.

"கூடுதலாகக் காட்டும்" என்றான் உடனே.

"சரி. அப்போ தரை நாம நினைக்கிறதைவிடக் கிட்ட இருக்கா, தூரத்திலே இருக்கா?"

பையன் விழித்தான். ஜன்னலைப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான்.

"மாமா, அது கேள்வியிலே வராது."

நான் பேசாமல் காகிதத்தை மடித்து வைத்தேன். புயல் சமயத்தில் காற்றழுத்தம் 20 மில்லிபார் குறைவது அதிசயமல்ல. மில்லிபாருக்கு ஏறத்தாழ 30 அடி என்று வைத்துக்கொண்டால், கருவி சொல்லும் பொய் 600 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூர் தர்காவுக்குக் கட்டிக் கொடுத்த பெரிய மனாராவின் உயரம் 131 அடி. நாலரை மனாரா உயரத்துக்குப் பொய்! மழையிலும் இருட்டிலும் கருவியை நம்பி இறங்குகிறவனுக்குத் தரை நாலரை மனாரா முன்னதாகவே வந்துவிடும். 'கூடுதலாக' என்ற முதல் வார்த்தையை உருப்போட்டவனுக்கு இது தெரியாது.

2011-ல் நம் நாட்டிலேயே சில விமானிகள் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியிருந்தது வெளியாகி, கைதாகி, பெரிய அமளியாயிற்று. அது மோசடி. பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. என் மருமகன் செய்வதில் ஒரு குற்றமும் இல்லை. இராப்பகலாகக் கண் விழித்து உழைக்கிறான். இதைப் பிடிக்க எந்தப் போலீஸ் வரும்?

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எப்போதோ படித்த ஒரு கனடா விமானத்தின் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. 1983 ஜூலை 23. அந்த விமானத்தில் எரிபொருள் அளவு காட்டும் கருவி பழுது. ஆகவே தொட்டியை அளவுகோலால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவையானது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஒரு பெருக்கு எண் வேண்டும். அவர்கள் கையில் 1.77 என்ற எண் இருந்தது. அது பொய்யான எண் அல்ல. வெகுகாலமாகப் புழங்கிய எண்தான். ஆனால் லிட்டரைப் பவுண்டாக்குகிற எண். அந்த விமானமோ கிலோக் கணக்குக்கு மாறிய புது ரகம். கிலோவுக்கு எண் ஏறத்தாழ 0.8. பெருக்கினார்கள், கழித்தார்கள், வகுத்தார்கள். கணக்கில் ஒரு பிசகும் கிடையாது. 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியதற்கு 5,000 லிட்டருக்கும் குறைவாக ஊற்றிக்கொண்டு 69 பேரோடு கிளம்பிவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

விமானத்துக்கு ஊற்றுவது ஒரு வகை மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது அடுப்படியில் விளையாடும் குழந்தைக்குத் தெரியும். தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோதான். அதில் மிதக்கிற எண்ணெய் லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ எப்படி இருக்கும்? அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் இது தோன்றவில்லை. எண் ஞாபகம் இருந்தது. அது எதனுடைய எண் என்பது மறந்துவிட்டது.

என் பாட்டனார் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர். யாராவது "இருபது கலம் கண்டது" என்று சொன்னால், 12 மரக்கால் ஒரு கலம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், "எந்த ஊர் மரக்கால்?" என்றுதான் கேட்பார். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அன்று அங்கே ஒரு மிராசுதார் இல்லாமல் போனார்.

நல்ல வேளையாக அந்த விமானத்தின் காப்டன் பாப் பியர்சன், எஞ்சின் இல்லாத சறுக்கு விமானங்களைப் பொழுதுபோக்காக ஓட்டிப் பழகியவர். அவ்வளவு பெரிய விமானத்தைக் காற்றிலே பட்டம் மாதிரி மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்டிருந்த பழைய ஓடுதளத்தில் இறக்கினார். அங்கே கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்ததாம். உயரம் மிஞ்சியிருந்தபோது விமானத்தைப் பக்கவாட்டில் சரியவிட்டு உயரத்தைக் கரைத்தார். சறுக்கு விமானக்காரர்களின் கைவித்தை அது, உடம்பு கற்றுவைத்திருந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

மனப்பாடத்தையே நான் பழிக்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாகூரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் தாங்கிய பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கிற ஊர். நாலு கல் தொலைவில் நாகப்பட்டினத்துக் கோயிலில் தேவாரம் ஓதுகிறவர் ஏட்டைப் பார்த்து ஓதுவதில்லை. 15-ம் நூற்றாண்டில் அரபுக் கடலோடி இப்னு மாஜித், கப்பல் செலுத்தும் சாஸ்திரத்தையே ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளில் செய்யுளாக எழுதி வைத்தார். நடுக்கடலில் காகிதம் நனையும், நெஞ்சில் பதிந்தது நனையாது. விமானிகளுக்கும், அபாயம் நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டிய சில காரியங்கள் மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. தீப்பிடித்த எஞ்சின், நாம் புத்தகம் புரட்டும் வரை காத்திருக்காது. அவர்கள் எல்லோரும் பொருளைச் சுமக்கிறார்கள். இந்தப் பிள்ளையோ பொருளைக் கரையில் விட்டுவிட்டு விலைச்சீட்டை மட்டும் சுமக்கிறானே என்பதுதான் என் கவலை.

தங்கை வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு மரைக்காயர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தெருவுக்கே அவர் 'சுக்கானி மாமா'. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த ராஜுலா கப்பலில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்து, 1973-ல் அந்தக் கப்பல் ஓய்வு பெற்ற பிறகு சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். இந்த ஊர்ச் சபராளிகளில் பாதிப்பேரைத் தாம்தான் கரை சேர்த்தவர் என்று சொல்லிக்கொள்வார். மாலுமியாக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. அதற்கு உண்டான பரீட்சை ஆங்கிலத்தில். ஆங்கிலம் வரவில்லை, சுக்கானியாகவே கரையேறிவிட்டார். 'மாலுமி' என்ற நம் சொல், 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல் கடல் கடந்து வந்து உருமாறியது. கப்பலுக்கு வழி சொல்கிறவனுக்கும் அந்தப் பெயர், பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கும் அந்தப் பெயர். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் பையனை அவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். மூவருமாகக் கடற்கரைக்கு நடந்தோம். மாசி வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது.

"என்னா புள்ளே, ஆகாசக் கப்பல் ஓட்டப் போறியாமே. நம்ம ஊரு எங்கே இருக்கு, சொல்லு பாப்போம்."

"10 டிகிரி 49 நிமிஷம் வடக்கு அட்சரேகை, தாத்தா."

"அப்புடின்னா?"

"பூமத்திய ரேகையிலேருந்து வடக்கே உள்ள கோணத் தொலைவு."

"சபாஷ். அதைக் காட்டு."

பையன் சிரித்தான். அட்சரேகையை எப்படிக் காட்டுவது? வரைபடத்தில் காட்டலாம். இப்போதெல்லாம் சுற்றும் செயற்கைக்கோள்கள் அதைச் சொல்லிவிடுகின்றன என்று விளக்கினான்.

கிழவர் அவன் தோளைப் பிடித்துக் காரைக்கால் பக்கம் திருப்பினார். வெகு தாழ்வாக, மங்கலாக, யாரும் கவனிக்காத ஏழை உறவினனைப் போல் ஒரு நட்சத்திரம் இருந்தது. "அதான் துருவன். கையை நல்லா நீட்டி முஷ்டியை மடக்கு. முஷ்டியோட அடியை வானம் தரையைத் தொடுற இடத்துலே வை. அதுக்கு மேலே இன்னொரு கையாலே ஒரு விரலை வை. எங்கே வருது?"

பையன் நீட்டினான். ஒரு கண்ணை மூடினான். முஷ்டிக்கு மேல், விரலுக்கு மேல், அதன் நகத்தில் உட்கார்ந்தது போல நட்சத்திரம் நின்றது.

"நீட்டின முஷ்டி பத்து டிகிரி. விரல் ஒண்ணு, ஒண்ணரை. அதான்டா நாகூர்" என்றார் சுக்கானி மாமா.

அவருடைய பாட்டனார் பாய்மரக் கப்பலில் போனவர். அந்தக் காலத்தில் இராப்பலகை என்று ஒரு சிறு பலகைத் துண்டு உண்டாம். நடுவில் ஒரு கயிறு; கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை நீட்டிப் பிடித்தால், அடி ஓரம் கடலையும் மேல் ஓரம் துருவனையும் தொட வேண்டும். தொட்டால் அந்த முடிச்சுக்கு உரிய ஊருக்கு நேராக வந்துவிட்டோம் என்று அர்த்தம். ஊருக்கு ஒரு முடிச்சு. "பினாங்கு போகப் போக ஒரு முஷ்டி அரை முஷ்டியாகிப் போயிடும். சிங்கப்பூருலே துருவனைத் தேடவே முடியாது, கடல் மூட்டத்துலே முழுகிப் போயிருப்பான்."

பையன் பதில் சொல்லவில்லை. ஈர மணலில் குந்தி உட்கார்ந்து, விரலால் ஒரு வட்டம் போட்டான். ஒரு புள்ளியில் நாகூரை வைத்தான். அழித்தான். மறுபடி போட்டான். அவன் உதடு முணுமுணுத்தது. ஆனால் இந்தத் தடவை ஒப்புவிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "அப்ப வட துருவத்திலே நின்னா உச்சந்தலைக்கு மேலே இருக்கும்" என்றான் தனக்குத்தானே. "பூமத்திய ரேகையிலே தரையோட தரையா..." ஓர் அலை வந்து பூமியை அழித்துக்கொண்டு போயிற்று. அவன் பொருட்படுத்தவில்லை.

திரும்பும்போது திடீரென்று கேட்டான்: "தாத்தா, கஜாப் புயல் அன்னிக்கு, கண்ணு நமக்குத் தெற்கே போவுதுன்னு ராத்திரியே சொன்னீங்களே, எப்படி?"

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்தபோது அவன் சிறு பையன்.

"முதல்லே வாடை அடிச்சிச்சு. அப்பறம் கொண்டலாத் திரும்பிச்சு. விடியலுக்கு முன்னாலே சோழகம். வடக்கேருந்து கிழக்கு, கிழக்கேருந்து தெற்கு. அப்புடித் திரும்பினா கண்ணு நமக்குத் தெற்காலே போவுதுன்னுதானே அர்த்தம்?"

பையன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், நம் பாதிக் கோளத்தில், தாழ்வழுத்தம் இடது கைப் பக்கம் என்று ஒரு டச்சுக்காரரின் பெயரால் ஒரு விதி இருக்கிறது. காகிதக் கட்டில் அது மூன்று இடத்தில் வருகிறது. மூன்றுக்கும் முன்தினம் சரியாக விடை சொல்லியிருந்தான். இப்போது வாடைக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்று இடது கையை நீட்டினான்: கடல். மேற்கே பார்த்துத் திரும்பி இடது கையை நீட்டினான்: வேதாரண்யம். வடக்கே பார்த்து நின்று மறுபடியும் நீட்டினான்: திருவாரூர்ப் பக்கம். கந்தூரிக் கூட்டத்தில் வழி தவறியவன் போல அவன் சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தயிர் விட்டுப் பிசைந்த கையோடு, "மாமா, தரை கிட்டத்தான் இருக்கும்" என்றான். எதைப் பற்றிச் சொல்கிறான் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. இதுவரை எத்தனை தடவை 'கூடுதலாகக் காட்டும்' என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பான்!

பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. காகிதக் கட்டை அவன் தூக்கி எறிந்துவிடவில்லை. எறிய நானும் சொல்லவில்லை, அரை வேலி நிலம் போன வீட்டில் அப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு ஏது? ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பென்சிலால் படம் போட ஆரம்பித்தான். நூறு கேள்வி முடிக்கிற நேரத்தில் எட்டுக் கேள்விதான் முடிந்தது. தங்கை என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

72 வாங்கினான். அவனோடு டில்லி வகுப்பில் படித்த சிநேகிதன், கட்டை முழுசாக உருப்போட்டவன், 91. "நீ பாட்டுக்கு அவனைக் கடற்கரைக்குக் கூட்டிண்டு போய் நட்சத்திரம் காட்டினே. ரெண்டு மார்க் குறைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று தங்கை டெலிபோனில் கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அந்த 91 வாங்கிய பையன் ஓட்டுகிற விமானத்தில் நானும் ஒருநாள் ஏற நேரலாம். ஏறும்போது அது எனக்குத் தெரியப்போவதும் இல்லை.

இப்போது அவன் மகாராஷ்டிரத்தில், கோந்தியாவில் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். கார்த்திகையில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் டெலிபோன் செய்தான். பணம் ஏதாவது வேண்டியிருக்கிறதோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"மாமா, மொட்டை மாடியிலே நிக்கிறேன். ரெண்டு முஷ்டி, ஒரு விரல்" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அடுத்த முறை நாகூர் போனபோது சுக்கானி மாமாவிடம் அப்படியே போய்ச் சொன்னேன். திண்ணையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டி முஷ்டியை மடக்கிச் சற்று நேரம் பார்த்தார்.

"ஒரு முஷ்டி வடக்கே இருக்கானா?" என்றார். "அங்கெல்லாம் ரொட்டிதானே போடுவான். புள்ளைக்கு ஒத்துக்குதான்னு கேட்டீங்களா தம்பி?"